வெட்டி ஒட்டிய பேச்சு

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் வகுப்பு. தில்லைநகரில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. வாசல் பலகையில் ‘டிஜிட்டல் மீடியா பயிற்ச்சி மையம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு ‘ச்’ அதிகம். பலகையிலேயே பிழை விடுகிறவர்கள் உள்ளே என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று கீழே நிற்கும்போதே தெரிந்துவிட்டது. படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடி வலப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. கட்டியவனுக்கு அறிவில்லை.

சேர்த்துவிட்டது மகள் பூங்கோதை. ஓசூரில் இருந்தபடியே எல்லாவற்றையும் போனில் முடித்துவிட்டாள். “வீட்ல சுவத்தப் பாத்து உக்காந்திருக்கீங்கப்பா. உங்க பேச்ச நீங்களே வீடியோ எடுத்துப் போடக் கத்துக்குங்க” என்றாள். பகலில் மின்வாரியத்தில் கணக்கு, மாலையில் பட்டிமன்ற மேடை என்று வாழ்ந்தவன் நான். ‘சொல்லருவி’ அருணகிரி பேசுகிறார் என்றால் பந்தலுக்கு வெளியே ஆள் நிற்கும். இந்த வருடம் ஓர் அழைப்புகூட வரவில்லை. மக்களின் ரசனை கெட்டுவிட்டது. வேறு காரணம் இல்லை. என் அணியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து என் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த மாசிலாமணி இன்று யூடியூபில் பெரிய மனிதன். அவன் பேச்சை லட்சம் பேர் பார்க்கிறார்களாம். ஈயும்தான் லட்சம் மொய்க்கிறது.

ஆசிரியை சிந்துஜா. என் மகளைவிடச் சின்னவள். ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டுமாம். நான் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இந்தக் கூட்டத்துக்கு அது போதும். பின்வரிசையிலிருந்து ஒரு தடித்த ஆள், மனைத் தரகன், லூர்து சேவியர் என்று பெயர், துள்ளி எழுந்தான். “சொல்லருவியா! லால்குடியில உங்க பேச்சக் கேட்டு வயிறு புண்ணாயிருச்சு சார்! ஒரு ரெண்டு வார்த்த பேசுங்க சார்!” என்றான். தலையை மட்டும் அசைத்தேன். பெரியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது. பேனா சரியில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மவுஸ் என்று ஒரு சனியன். அதை இடக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். சிந்துஜா வந்து, “லெஃப்ட் ஹேண்டா சார்? பட்டன மாத்தி வெச்சுத் தரட்டுமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை. மார்கழியில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அப்படித்தான்.

ஜூன் 12, வியாழன்

பூங்கோதை கூரியரில் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறாள். வீடியோ எடிட்டிங் பற்றித் தமிழில். ‘தமிழில்’ என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். “வெட்டு என்பது பார்ப்பவரின் காத்திருத்தலின் கொலையாக ஆகிறது” என்று ஒரு வரி. இதை மொழிபெயர்த்தவனைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும். பென்சிலை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். ‘வெட்டினால் பார்ப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை.’ அவ்வளவுதான் விஷயம். முதல் அத்தியாயம் முழுக்கத் திருத்தி முடித்தபோது அத்தியாயம் புரிந்துவிட்டிருந்தது. புத்தகத்துக்கு இதில் எந்தப் பெருமையும் இல்லை.

எழுதும்போது சொல் வரத் தாமதமானால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். காகிதம் முகத்தைப் பார்க்காது.

ஜூன் 16, திங்கள்

எனக்கு அடுத்த இருக்கை ஜுனைதா என்ற பெண்ணுக்கு. பாலக்கரையில் புர்கா தைத்து விற்கிறாள். தைத்த துணியைப் போனில் படம்பிடித்து, பின்னால் பேசிப் பேசி விற்கிறாளாம். துணிக்கு எதற்குப் பேச்சு? கண்ணால் பார்த்தால் தெரியாதா?

“ஐயா, ‘தறமான துணி’ன்னு போட்டா சரியா?” என்று கேட்டாள். நான் அவள் திரையில் ‘ற’வைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினேன். மாற்றினாள். பிறகு ‘விர்பனை’. பிறகு ‘அளவுகல்’. ஒரு பெண் இவ்வளவு பிழைகளைச் சுமந்துகொண்டு தலைநிமிர்ந்து நடக்க முடிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. வகுப்பு முடியும் வரை அவளுக்குத் திருத்திக்கொண்டிருந்தேன். பதிலுக்கு என் போனைக் கேமரா முக்காலியில் மாட்டித் தந்தாள். ஒற்றைக் கையால் அந்தத் திருகை முடுக்க முடியாது. திருகு மட்டமான சரக்கு.

ஜூன் 18, புதன்

வீட்டில் சண்டை. மனைவி அரசி பழையபடி ஆரம்பித்துவிட்டாள். “அந்தப் பேச்சுப் பயிற்சிப் பொண்ணுகிட்டத் திரும்பப் போங்க. டாக்டர் எத்தன தடவ சொல்லிட்டாரு. ஏங்க நிறுத்துனீங்க?” என்கிறாள்.

ஏன் நிறுத்தினேன்? மருத்துவமனையில் அந்தப் பெண் என் முன்னால் படங்கள் வரைந்த அட்டைகளை வைத்து, “இது என்ன காய், சொல்லுங்க தாத்தா?” என்று கேட்டாள். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் மூச்சுவிடாமல் பேசியவனைக் காய்கறி அடையாளம் சொல்லச் சொன்னாள். அது என்ன காய் என்று எனக்குத் தெரியும். எப்படி நறுக்கினால் நன்றாக இருக்கும் என்பதுகூடத் தெரியும். சொல்ல விருப்பமில்லை, அதனால் சொல்லவில்லை.

“விருப்பமில்லன்னா ஏங்க அன்னிக்கு அழுதீங்க?” என்று கேட்டாள் அரசி. இவளோடு யார் பேசுவது.

ஜூன் 21, சனி

சேவியர் இன்று தன் வீடியோவைப் போட்டுக் காட்டினான். வறண்ட பொட்டல் ஒன்றின் மேல் கேமரா பறக்கிறது. பின்னால் போர்க்களத்து இசை. நான்கு கல் நட்ட இடத்துக்கு இவ்வளவு முரசு எதற்கு? இதைப் பார்த்து ஒருவன் மனை வாங்கினால் அவன் அங்கேயே குடியிருக்கட்டும். அதுவே அவனுக்குத் தண்டனை.

பிறகு என்னிடம் மைக்கை நீட்டினான். “சார், உங்க குரல்ல ஒரே ஒரு வரி. ‘காவிரிக் கரையோரம் ஒரு கனவு இல்லம்.’ பேசிக் குடுங்க சார், எனக்கு வாழ்நாள் பெரும!” மறுத்தேன். விடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி, தொலையட்டும் என்று மைக்கை வாங்கினேன்.

“காவிரி” என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த சொல் எதிரிலேயே நிற்கிறது, சட்டை நிறம்கூடத் தெரிகிறது, கூப்பிட்டால் வர மறுக்கிறது. மறுபடி “காவிரி” என்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இருமினேன். தொண்டையைக் காட்டி மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

“தொண்டக் கட்டு போல சார்க்கு. பனிக்காத்து” என்றான் சேவியர். ஜூன் மாதத்தில் திருச்சியில் பனிக்காற்று! மடையன். எல்லோரும் சட்டென்று தங்கள் திரைகளில் மூழ்கிவிட்டார்கள். நல்ல வேளை, யாரும் எதையும் கவனிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

இன்றைய பாடம், தன் பேச்சைத் தானே பதிவு செய்து கணினியில் ஏற்றுவது. பக்கத்துச் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து பேசலாம் என்றார்கள். தனியாக என்றதால் ஒப்புக்கொண்டேன். ‘குடும்பம் நிலைப்பது பேசித் தீர்ப்பதாலா, பேசாமல் பொறுப்பதாலா?’ என்ற என் பழைய தலைப்பில், பேசித் தீர்ப்பதே என்று ஆரம்பித்து முடித்தேன். நன்றாகத்தான் பேசினேன்.

கணினியில் ஏற்றியதும் குரல் படமாகத் தெரிகிறது. பேசும் இடத்தில் முள்புதர் மாதிரி மேலும் கீழும் கோடுகள். ஆனால் நடுவே நடுவே புதரே இல்லை. இழுத்துக் கட்டிய நூல்போல ஒரு நேர்கோடு. நீளமாக. மறுபடி கொஞ்சம் புதர். மறுபடி நூல்.

“இங்க என்ன ஆச்சு? ஏன்… ஏன்…” என்று ஜுனைதாவிடம் விரலால் காட்டினேன்.

அவள் திரையைப் பார்த்தாள். “அங்க சத்தம் இல்லங்கய்யா” என்றாள்.

மைக் கோளாறு. வேறு மைக் வாங்கி மறுபடி பேசினேன். அதே நூல். சிந்துஜாவின் சொந்த மைக்கைக் கேட்டு வாங்கிப் பேசினேன். அதே. இந்த மையத்தில் உருப்படியாக ஒரு மைக் இல்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தேன். “மௌனமானது நேர்கோடாகக் காட்சியளிக்கப்படுகிறது” என்று போட்டிருந்தது. திருத்தப் பென்சிலை எடுத்தேன். திருத்தவில்லை.

ஜூன் 26, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. மழை.

ஜூன் 27, வெள்ளி

போகவில்லை. மழை என்றேன். “எங்க மழ?” என்று அரசி வாசலில் போய் நின்று வானத்தைப் பார்த்தாள்.

ஜூலை 2, புதன்

வேண்டாத விருந்தாளிகள். சாயங்காலம் சேவியரும் ஜுனைதாவும் உறையூருக்கே, வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சேவியர் கையில் மைசூர்பாகுப் பொட்டலம், நோயாளியைப் பார்க்க வருகிறவன் மாதிரி. அரசி அவர்களை அடுப்படி வரை கூட்டிப் போய்க் காப்பி போட்டபடி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். “மார்கழியில குளிச்சிட்டு வந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. பக்கவாதம். நட தேறிடுச்சு, கை பாதி தேறிடுச்சு. வார்த்ததான்…” கூடத்தில் இருப்பவனுக்குக் காது கேட்காது என்று நினைப்பு.

சேவியர் வந்து என் எதிரே உட்கார்ந்தான். “சார், சுத்தி வளைக்காமச் சொல்றேன். எங்களுக்கு மொத நாளே தெரியும். வாய் வலப்பக்கம் லேசாத் தொங்குது, கை மடியிலயே இருக்கு. எடத்தப் பாத்தாலே வில்லங்கம் தெரிஞ்சிரும் எனக்கு. தொழில் அப்படி. வார்த்த நிக்கும்னு மட்டும் தெரியாமத்தான் அன்னிக்கு மைக்க நீட்டிட்டேன்.”

நான் வில்லங்கச் சொத்து! எழுந்து போகச் சொல்ல வாயைத் திறந்தேன். ‘வெளியே’ என்ற சொல் வரவில்லை. கையை வாசல் பக்கம் நீட்டினேன். அவன் திரும்பி வாசலைப் பார்த்துவிட்டு, “ஆமா சார், காத்து நல்லா வருது” என்றான்.

ஜுனைதா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “ஐயா, நான் ஒரு நிமிஷ வீடியோவுக்கு எத்தன தடவ தப்புத் தப்பாப் பேசுறேன்னு உங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் வெட்டிருவேன். வெட்டக் கத்துக்கத்தான எல்லாருமே வர்றோம்? உங்க பேச்சுல அந்தக் கோடு இருக்குற எடமெல்லாம் வெட்டிட்டு ஒட்டிருவோம். அப்பறம் கேட்டுப் பாருங்க.”

அவர்கள் போன பிறகு மைசூர்பாகை எடுத்துப் பார்த்தேன். கல்.

ஜூலை 4, வெள்ளி

போனேன். மைக் மாற்றினார்களா என்று பார்க்கத்தான்.

ஜுனைதா ஒருமுறை செய்து காட்டினாள். நூலின் தொடக்கத்தில் ஒரு வெட்டு, முடிவில் ஒரு வெட்டு, நடுவில் உள்ளதை அழி, பக்கத்துத் துண்டை இழுத்து ஒட்டு. இவ்வளவுதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? நானே செய்தேன். என் முதல் வாக்கியம் ஒன்றாகச் சேர்ந்தது. போட்டுக் கேட்டேன்.

பழைய குரல். இடைவெளி இல்லாமல், எந்தச் சொல்லையும் தேடாமல், அருவிதான்.

இன்னொரு முறை கேட்டேன்.

ஜூலை 7, திங்கள்

இந்த வகுப்பிலேயே நன்றாக வெட்டுகிறவன் இப்போது நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. போட்டிக்கு ஆள் அப்படி. சேவியர் வெட்டினால் மனிதர்களின் தலை பல்லிபோலத் துள்ளுகிறது. சிந்துஜா கற்றுக்கொடுத்ததுபோல் அந்தத் துள்ளலை மறைக்க நடுவே என் பழைய மேடைப் புகைப்படங்களை வைத்தேன். மூச்சை முழுக்க வெட்டினால் இயந்திரம் பேசுவதுபோல் இருக்கும், வாக்கியத்துக்கு முன்னால் ஒரு மூச்சை விட்டுவை என்று அந்தக் கேடுகெட்ட புத்தகத்தில் ஓர் இடத்தில் இருக்கிறது. அது சரி. அந்த ஒரு பத்திக்காக மொழிபெயர்த்தவனை மன்னிக்கலாம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மாசிலாமணியின் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முன்பு பார்த்தபோது சரளமாகப் பேசுகிறான் என்று நினைத்திருந்தேன். இப்போது கண் பழகிவிட்டது. அவன் தோள் துண்டு வாக்கியத்துக்கு வாக்கியம் இடம் மாறுகிறது! நல்ல உடம்பை வைத்துக்கொண்டு அவனும் வெட்டி ஒட்டித்தான் பேசுகிறான். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அரசி பயந்துபோய் ஓடிவந்தாள்.

ஜூலை 9, புதன்

வீடியோவை வெளியிட்டாயிற்று. ஜுனைதாதான் பொத்தானை அழுத்தச் சொன்னாள். தலைப்பு நான் தந்தது, பிழையில்லாதது. இந்த யூடியூபிலேயே பிழையில்லாத தலைப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அரசிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். “அப்படியே பழைய மாதிரி இருக்குங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இந்த ஆளுக்கு நான் வார்த்த எடுத்துக் குடுக்க வேண்டியதே இல்ல” என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. பெண்களின் பேச்சை எந்தக் கணினியில் ஏற்றிப் பார்ப்பது.

ஜூலை 11, வெள்ளி

முசிறியிலிருந்து அழைப்பு! ஆடிப்பெருக்கு விழாவுக்குப் பட்டிமன்றம். நான் நடுவர். விழாக் குழுச் செயலாளர் திருஞானம் வீடியோவைப் பார்த்துவிட்டுப் பேசினாராம். போனை எடுத்தது அரசி. நான் குளிக்கப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

பூங்கோதை போனில் கத்தினாள். மாசிலாமணியும் கூப்பிட்டான், அதையும் அரசிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். “அண்ணே முழுசாத் தேறிட்டாரா அண்ணி? பேச்சு கணீர்னு இருக்கே!” அவன் குரலில் மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகமாக இருந்தது. இருக்கட்டும்.

ஜூலை 12, சனி

வகுப்பில் ஆளாளுக்கு யோசனை. சேவியர் சொல்கிறான், மேடையில் பெரிய திரை வைத்து வீடியோவை ஓடவிட்டு நான் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தால் போதுமாம். எனக்கு ஊதுபத்தியும் கொளுத்திவைத்துவிடலாம். சிந்துஜா சொல்கிறாள், முன்னாலேயே பதிவு செய்துவிட்டு வாயை மட்டும் அசைக்கலாமாம். படித்த பெண்.

ஜுனைதா மட்டும் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நானே கேட்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று.

“மேடையில வெட்ட முடியாதேங்கய்யா” என்றாள்.

தெரியாமலா இருக்கிறேன்? புர்கா தைக்கிறவள் வந்து எனக்கு மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கோபத்தில் புத்தகத்தைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

திருஞானம் இன்று மறுபடி கூப்பிட்டார். அரசி கோயிலுக்குப் போயிருந்தாள். போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எத்தனை தடவைதான் ஒருவன் குளிப்பான்? எடுத்தேன்.

“ஐயா வணக்கம்! முசிறி திருஞானம். நோட்டீஸ் அடிக்கணும்யா, உங்க வாயால ஒரு வார்த்த சரின்னு சொல்லிட்டீங்கன்னா…”

“வணக்கம்” என்றேன். “எனக்கும்… விழா… விழாவுக்கு வர…”

“ஹலோ? ஐயா? கேக்குதுங்களா?”

“கேக்குது. நான்… உங்க… உங்க…”

“ஐயா, விட்டு விட்டு வருது. டவர் இல்ல போலருக்கு. கொஞ்சம் வெளிய வந்து பேசுங்கய்யா.”

வெளியே வந்தேன். வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு. என்ன மடத்தனம்! டவர் இல்லை என்று நானும் நம்பியவன் மாதிரி தெருமுனை வரை போனேன். அங்கே நின்று வானத்தைப் பார்த்தேன். தண்ணீர் லாரி ஒன்று போனது. அதுவரை காத்திருந்தேன்.

“இப்ப எப்படிங்கய்யா? இப்பவும் கட்டாகுதே.”

“டவர்… நல்லாத்தான் இருக்கு” என்றேன். “கட்டாகுறது… நான்தான். மார்கழியில பக்கவாதம். வீடியோவுல… வெட்டி ஒட்டுனது.”

இப்போது அவர் பக்கம் சத்தமில்லை. லைன் இருக்கிறதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

“அய்யய்யோ, தெரியாமப் போச்சுங்கய்யா” என்றார் கடைசியில். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். தெரியும் எனக்கு, கமிட்டி என்றால் என்ன என்று.

அரசி வந்ததும் சொன்னேன். முழுசாகச் சொன்னேன். நடுவில் அவள் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்கவில்லை. கோயில் பிரசாதத்தைக் கையில் பிடித்தபடி நான் முடிக்கும் வரை நின்றாள்.

ஜூலை 17, வியாழன்

கமிட்டியின் முடிவு: நடுவர் மாசிலாமணி. நான் தொடக்கவுரை, ‘உங்களால முடிஞ்ச அளவு’. அனுதாபத்தில் போட்ட பிச்சை. அந்தத் துண்டுபிடித்தவன் நடுநாற்காலியில் உட்கார, நான் ஓரத்தில் உட்கார வேண்டுமாம்.

போகப்போவதில்லை.

ஜூலை 18, வெள்ளி

போவதாகச் சொல்லிவிட்டேன். நான் போகாவிட்டால் தொடக்கவுரையையும் மாசிலாமணியே பேசுவான். முசிறி மக்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று முசிறி. இன்று இடக்கை வலிக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

சேவியர் தன் காரில் அழைத்துப்போனான். வழி நெடுக ஒவ்வொரு பொட்டலையும் காட்டி விலைக்கு வரும் என்றான். ஜுனைதா தன் கணவரோடும் பிள்ளைகளோடும் பஸ்ஸில் வந்து, முன்வரிசையில் முக்காலியை நட்டுக்கொண்டு நின்றாள். வெயில் இறங்கும் நேரம். காவிரியில் தண்ணீர் நிறையப் போனது. கரைப் பந்தலில் கூட்டம், பாதிப் பேர் சித்ரான்னம் தின்றுகொண்டிருந்தார்கள். இந்த மாதிரிக் கூட்டத்துக்குத்தான் வாழ்நாள் முழுவதும் தொண்டை கிழித்திருக்கிறேன்.

எழுந்து மைக்கைப் பிடித்தேன். வணக்கம் வந்தது. முதல் இரண்டு வாக்கியங்கள் வந்தன, மெதுவாக, ஆனால் வந்தன. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள்கூட. பிறகு, “பேசித் தீர்க்கணும், பேசித் தீர்க்கணும்கிறோம். ஆனா பேச்சவிட ஒரு வீட்டுக்கு முக்கியம்…” என்று சொல்லி நின்றேன்.

சொல் போய்விட்டது. மிகச் சாதாரணச் சொல், குழந்தைக்குத் தெரியும் சொல். நின்றேன். தட்டுகளின் சத்தம் நின்றது. பந்தல் துணி அடித்துக்கொள்வது கேட்டது. பக்கத்திலிருந்து மாசிலாமணி எழுந்து, “அண்ணன் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு” என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு மைக்குக்குக் கையை நீட்டினான். நான் மைக்கை இடக்கையில் இறுக்கிப் பிடித்து மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவன் கை காற்றில் நின்றது. “உக்காரு” என்றேன். அந்தச் சொல் மட்டும் என்ன வேகமாக வந்தது!

உட்கார்ந்தான்.

கூட்டத்தைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மைக்கைத் தூக்கி, அந்தக் கையின் விரலாலேயே காது மடலைத் தொட்டுக் காட்டினேன்.

“தோடு!” என்று ஒரு பெண் கத்தினாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

“கம்மல்!” இன்னொருத்தி. பந்தல் சிரித்தது. “செல்போனு!” என்றான் பின்னாலிருந்து ஒருவன். “ஜிமிக்கி!” “காது!” என்றும் ஒருவர் கத்தினார், கிட்டத்தில்தான், ஆனால் அது இல்லை. இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு கழுதைக்குக்கூடச் சரியான சொல் வரவில்லை. நானாவது பக்கவாதக்காரன், இவர்களுக்கு என்ன கேடு? ஒவ்வொன்றையும் கையசைத்துத் தள்ளினேன். தள்ளத் தள்ள அவர்களுக்கு உற்சாகம் ஏறியது. தின்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கத்தினார்கள். அரசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியும், நான் தேடும் சொல் எது என்று. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சொல்லாமல் இருந்தாள்.

“செவி!” என்றேன்.

கைதட்டினார்கள். ஒரு சொல்லுக்கு இப்படிக் கைதட்டு நான் வாங்கியதில்லை. “பேச வாய் இருந்தாப் போதாது. கேக்கச் செவி வேணும்” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன். நாற்காலி ஆடியது; மேடைப் பலகை சரியாக அடிக்கவில்லை.

ஜுனைதா எல்லாவற்றையும் படம்பிடித்திருக்கிறாள். “எந்தெந்த எடத்துல வெட்டலாம்யா?” என்று கேட்டுக் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். எதையும் வெட்ட வேண்டாம், தலைப்பை மட்டும் பிழையில்லாமல் போடு என்று பதில் எழுதினேன்.

எழுத வந்த விஷயம் இது இல்லை. விழா முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, சிமென்ட் கடை வைத்திருக்கும் முத்துக்கருப்பன் என்பவர் எதிரே வந்து உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில், “காதுன்னு சொன்னாப் பாமரனுக்கும் புரியும். எதுக்குச் செவின்னு சொன்னீங்க? ரெண்டும் ஒண்ணுதான?” என்கிறார். ஒன்றாம்! காது என்பது தலைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பது, தோடு மாட்டுவதற்கு. செவி என்பது கேட்பதற்கு உள்ளது. ஆட்டைப் பார்த்துக் காது நீளம் என்கிறோம், செவி நீளம் என்கிறோமா? இதைச் சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். அந்த மனிதர் ஒப்பவில்லை. ‘செவியில அறைஞ்சான்’ என்று அவர் ஊரில் சொல்வார்களாம். அது மட்டும் கேட்பதற்கா என்கிறார். நான் மேசையைத் தட்டினேன், அவரும் தட்டினார். சாம்பார் ஆறிவிட்டது. இலையை எடுக்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். சேவியர் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

வரும் வழியில்தான் சரியான பதில் தோன்றியது. ‘அறைஞ்சான்’ என்பதிலேயே அவருக்கான பதில் இருக்கிறது: அறை வாங்கினால் கேட்பதுதான் அடைத்துப்போகிறது, தோடு கழல்வதில்லை. நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். கடையை எப்போது திறப்பார் என்று தெரியவில்லை. திறந்ததும் கூப்பிட வேண்டும்.